ஒன்பதாவது மோட்டார்

எனக்கு மூக்கு மேல் கோபம் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் உட்கார்ந்திருப்பவளுக்குக் கோபம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். காலையிலிருந்து சாயந்திரம் வரை ஒவ்வொரு ஜோடியாகக் கையில் எடுக்க வேண்டும், குறை கண்டுபிடிக்க வேண்டும், தள்ளி வைக்க வேண்டும், அதைத் தைத்தவர்களிடம் திட்டும் வாங்க வேண்டும். நான் மீன் வளர்க்கப் போகிறேன் என்று சொன்னதும் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "நீயா? மீன்கிட்டயும் குறை சொல்லுவியே பாப்பா" என்றான்.

தொண்ணூறுகளின் கடைசி வருஷங்கள் அவை. மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த அப்பா கட்டிய வீடு எங்களுடையது. ஒரு ஹால், இரண்டு அறை, சமையலறை. அம்மாவும் அப்பாவும் போன பிறகு முன்னறையில் அண்ணனும் அண்ணியும், ஹாலில் அவர்களுடைய இரண்டு பெண்கள், பின்னறையில் நான். எனக்கு அப்போது முப்பத்து நாலு வயது. கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வந்த நாலாவது குடும்பத்து அம்மா என் கையைப் பிடித்துப் பார்த்து, "இன்னா, இப்படிச் சொரசொரன்னு இருக்குது" என்று சொன்னார். இனிமேல் யார் முன்னாலும் காபித் தட்டோடு நிற்க மாட்டேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு நிற்கவும் இல்லை.

வேலூர் பஜாரில் ஒரு சந்துக்குள் பாய் ஒருவர் மீன் கடை வைத்திருந்தார். உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நிற்க வேண்டிய கடை. அவரிடம்தான் இரண்டடிக் கண்ணாடித் தொட்டி, ஐந்து தங்க மீன்கள், ஒரு காற்று மோட்டார் எல்லாம் வாங்கினேன். நாலு மீன் சிவப்பு, ஒன்று கறுப்பு. கறுப்புக்குக் கண் இரண்டும் வெளியே பிதுங்கியிருக்கும். தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆம்பூர் பஸ்ஸில் உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்து, "இன்னா மேடம், டீவியா?" என்றார். "ஆமா, ஒரே ஒரு சேனல்தான் வரும்" என்றேன். முன் சீட்டுக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஏன் மீன் என்று கேட்டவர்களுக்கு அப்போது நான் பதில் சொல்லவில்லை. நாள் முழுக்கக் குறை தேடிவிட்டு வருகிற கண்ணுக்கு, குறை சொல்ல ஒன்றுமே இல்லாத எதையாவது பார்க்க வேண்டும் போலிருந்தது. வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு அந்த ஐந்தும் திரும்பித் திரும்பி நீந்துவதைப் பார்ப்பேன். அந்த அரை மணி நேரம் யாரும் என்னை எதுவும் கேட்கக் கூடாது.

எங்கள் ஊர் போர் தண்ணீரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தோல் பதனிடுகிற டேனரிக் கழிவு இறங்கின மண். அந்தத் தண்ணீரில் மீன் ஒரு வாரம் தாங்காது. மனிதர்கள் தாங்குகிறோம், அது வேறு கதை. கம்பெனியில் குடிப்பதற்குச் சுத்தம் செய்த தண்ணீர் உண்டு. அதில் தினமும் ஒரு கேன் பிடித்துக் கம்பெனி பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வருவேன். வீட்டுக் குடத்திலிருந்து ஒரு சொம்புகூட எடுத்ததில்லை. குடிக்கிற தண்ணீரை மீனுக்கு ஊற்றுகிறாள் என்று அண்ணி ஆரம்பிப்பார் என்று எனக்குத் தெரியும். அந்த வழியை முதலிலேயே அடைத்துவிட்டேன்.

சத்தத்தைத்தான் அடைக்க மறந்துவிட்டேன். காற்று மோட்டார் என்பது தொட்டித் தண்ணீருக்குள் டியூப் வழியாகக் காற்றை ஊதுகிற, உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் டப்பா. அதை நான் சுவரில் அடித்திருந்த பலகையில் வைத்திருந்தேன். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் அறை. அவர்கள் கட்டிலின் தலைமாடு சரியாக அங்கே. இரண்டாம் நாள் காலையிலேயே அண்ணி நெற்றியில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வந்து நின்றார்.

"விர்ர்ர்ருன்னு மண்டைக்குள்ள வண்டு பூந்த மாதிரி இருக்குது பாப்பா. கண்ணே மூட முடியல."

பொய் இல்லை. அந்தச் சனியன் பிடித்த டப்பா அப்படித்தான் கத்தியது. நானே காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தேன். ஆனால் அண்ணி அதோடு விடவில்லை. சர்ச்சில் மாதர் சங்கக் கூட்டத்தில் தன் தலைவலிக்காக ஜெபம் பண்ணச் சொல்லியிருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், நாலு பேர் என்னைப் பிடித்து நிறுத்தி, "உங்க வீட்டுல மீன் மோட்டாராமே?" என்று விசாரிக்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் ஆரம்பித்த வாரம் அண்ணன் என் அறை வாசலில் வந்து நின்றான். அவனுக்குச் சண்டை போட வராது. கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டே பேசினால் ஏதோ மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறான் என்று அர்த்தம்.

"இத பாரு பாப்பா. ஈஸ்டர் வரைக்கும் டைம். சத்தம் இல்லாம பண்ணு. முடியலன்னா தொட்டிய எடுத்துடு. அப்படியே இந்த ரூமையும் பெரியவளுக்கு விட்டுடு. ஜூன்ல பத்தாவது போறா, படிக்க எடம் வேணும். நீ ஹால்ல சின்னவளோட படுத்துக்க."

மோட்டாரில் ஆரம்பித்து என் கட்டிலில் கொண்டுவந்து முடித்துவிட்டான். தொட்டி போனால் அறையும் போகும். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

"சத்தம் இல்லாம பண்ணிட்டா?" என்றேன்.

"அப்புறம் பேச்சே கிடையாது."

"ரூமப் பத்தியும்?"

"எதைப் பத்தியும் இல்ல. போதுமா?"

"போதும். உன் வாயால சொல்லிட்ட" என்றேன். விடுவேனா நான்?

முதலில் மோட்டாரின் கீழே துண்டை மடித்து வைத்தேன். சத்தம் கொஞ்சம் கம்மியானது. சனிக்கிழமை பஸ் ஏறி வேலூர் போய்ப் பாயிடம் கேட்டேன். "சுவத்துல இருந்து எடுத்துடுங்கம்மா. கயித்துல கட்டி அந்தரத்துல தொங்க விடுங்க. எதையும் தொடக்கூடாது. ஆனா தண்ணி மட்டத்துக்கு மேலயே இருக்கணும். கரண்ட் போச்சுன்னா தண்ணி டியூப் வழியா மோட்டாருக்குள்ள வந்துடும்" என்றார். தொட்டியை ஜன்னல் பக்கம் நகர்த்தி, மின்விசிறிக் கொக்கிக்குப் பக்கத்திலிருந்த இன்னொரு கொக்கியில் மோட்டாரைத் தொங்கவிட்டேன். விர்ர்ர் என்பது ம்ம்ம் என்று இறங்கியது. ஆனால் இப்போது குமிழிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அடுப்பில் உலை கொதிப்பது போல் ஓயாமல் களகளகள. அண்ணி சுவரைத் தட்டினார்.

அடுத்த வாரம் பவர் ஃபில்டர் என்று ஒன்றைப் பாய் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். முழுதாகத் தண்ணீருக்குள் முங்கியிருக்கும், அழுத்தினால் பிடித்துக்கொள்கிற ரப்பர் கிண்ணத்தால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். முதல் நாள் பரவாயில்லை. எங்கள் ஊர் வெயிலில் தண்ணீர் இரண்டு விரல் இறங்கியதும் அது அருவி மாதிரி கொட்ட ஆரம்பித்தது. கரண்ட் போய்த் திரும்பி வந்தால் கடகடகடவென்று பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பும். எங்கள் ஊரில் கரண்ட் எத்தனை தடவை போகும் என்று கேட்காதீர்கள். அதைப் பையில் சுற்றிக் கொண்டுபோய்ப் பாயிடமே திருப்பிக் கொடுத்தேன்.

"அப்ப ஸ்பான்ஜ் ஃபில்டர்தான்மா" என்றார். நடுவில் ஓட்டைக் குழாய், அதைச் சுற்றி ஸ்பான்ஜ். உள்ளே போகிற காற்று பொடிக் குமிழியாக மேலே ஏறும்போது, தண்ணீர் ஸ்பான்ஜ் வழியாக இழுபட்டு அழுக்கெல்லாம் அதிலேயே தங்கிவிடும். குமிழி பொடிந்தால் சத்தமும் பொடிந்துவிடும். "நல்ல ஸ்பான்ஜ் மெட்ராஸ்ல இருந்து வரணும். பத்து நாள் ஆவும்" என்றார்.

பத்து நாள் காத்திருக்க எனக்குப் பொறுமை ஏது? தவிர, எனக்கு ஸ்பான்ஜ் இல்லாத பஞ்சமா? எங்கள் கம்பெனியில் ஷூவின் கழுத்துக்குள் வைத்துத் தைக்கிற ஃபோம் மூலைக்கு மூலை குவிந்து கிடக்கும். ஸ்டோர் பார்க்கிறவரிடம் கேட்டேன், ஒரு பை நிறையத் துண்டுகள் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பிளாஸ்டிக் குழாயில் ஊசியைக் காய்ச்சி ஓட்டை போட்டு, ஃபோமை வட்டம் வட்டமாக வெட்டிக் கோத்தேன். ஓட விட்டுப் பார்த்தால், ஆண்டவரே, என்ன அமைதி! களகள போயே போய்விட்டது. ஹாலுக்குப் போய்ச் சின்னவளைக் கட்டிப்பிடித்துச் சுற்றினேன். அண்ணி அன்றைக்குச் சுவரைத் தட்டவில்லை.

இரண்டாம் நாள் காலையில் ஐந்து மீனும் தண்ணீர் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. துடுப்புகளை உடம்போடு ஒட்டி மடக்கிக்கொண்டிருந்தன. கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்தது, போய்விட்டேன். சாயந்திரம் வந்தபோது மூன்று சிவப்பு மீன் பக்கவாட்டில் மிதந்தன. மிச்சம் ஒரு சிவப்பும் கறுப்பும். அவற்றை வாளியில் புதுத் தண்ணீர் ஊற்றி மாற்றினேன். அவசரத்தில் பாதித் தண்ணீர் தரையில் போனது.

ஏன் என்று புரியவில்லை. மறுநாள் கம்பெனியில் முதல் பெட்டியைத் திறந்ததும் வழக்கமான மருந்து வாசனை மூக்கில் ஏறியது. அப்போது புரிந்தது, உட்கார்ந்த இடத்திலேயே தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் ஷூக்கள் கப்பலில் வாரக்கணக்காகக் கண்டெய்னருக்குள் போகும். ஈரத்தில் பூஞ்சைக் காளான் பூத்துவிட்டால் வாங்குகிற வெளிநாட்டுப் பையர் மொத்தச் சரக்கையும் வேண்டாம் என்று சொல்லிவிடுவான். அதற்காகத் தோலிலிருந்து ஃபோம் வரை எல்லாவற்றுக்கும் காளான் மருந்து போட்டிருக்கும். ஒவ்வொரு சரக்கு கிளம்பும்போதும், மருந்து போட்டாச்சா என்று ஒரு காகிதம் வரும். போட்டாச்சு என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போடுகிறவள் சாட்சாத் நான். ஊரார் ஷூவில் ஒரு நூல் பிரிந்திருந்தால் கண்டுபிடிக்கிறேன், என் கையால் விஷத்தை வெட்டி வெட்டிக் கோத்து என் மீனுக்கே கொடுத்திருக்கிறேன்.

அழுதேன். கம்பெனி பாத்ரூமில் நின்று, குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன். மீனுக்காக ஒருத்தி இப்படி அழுவாளா என்று கேட்டால், நான் அழுதேன், அவ்வளவுதான்.

வீட்டில் அண்ணி, "நான் சொன்னேன்ல? இதெல்லாம் இந்த வீட்டுக்கு ஆவாது" என்றார். அண்ணன் குரலைத் தாழ்த்தி, "விட்டுடேன் பாப்பா. இன்னா இப்ப, மீன்தானே?" என்றான். அவன் அன்பாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் கட்டிலை ஹாலில் எந்த மூலையில் போடலாம் என்று பெரியவளும் சின்னவளும் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. குழந்தைகள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. யாரோ அவர்கள் காதில் போட்டிருக்கிறார்கள்.

"இன்னும் ரெண்டு வாரம் இருக்குது அண்ணா. ஈஸ்டர் இன்னும் வரல" என்றேன்.

சனிக்கிழமை பாயின் கடை. நடந்ததைச் சொன்னதும் அவர் என்னைப் பிடித்துத் திட்டினார். "செருப்புல வெக்கிறத மீனுக்கு வெப்பாங்களாம்மா? படிச்சவங்கதானே நீங்க!" என்றார். வாங்கிக்கொண்டேன். மெட்ராஸ் ஸ்பான்ஜ் வந்திருந்தது. பழைய மோட்டாரையும் மாற்றிவிடலாம் என்று ஒரு புது மோட்டாரை எடுத்து நீட்டினார். "இது சத்தமே வராது."

"எல்லா மோட்டாரும் ஒரே மாதிரி இருக்குமா பாய்?"

"ஒரே கம்பெனி, ஒரே மாடல். இன்னா வித்தியாசம் இருக்கப் போவுது?"

அங்கேதான் அவர் தப்பான ஆளைப் பிடித்துவிட்டார். ஒரே மாடல், ஒரே சைஸ், ஒரே லைனில் தைத்த ஷூவில் ஜோடிக்கு ஜோடி வித்தியாசம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளமே. "பெட்டியில எத்தனை வச்சிருக்கீங்க? எல்லாத்தையும் எடுங்க. ஒவ்வொண்ணா ஓட்டிக் காட்டுங்க" என்றேன்.

ஓட்டினார். ஆனால் பஜார் இரைச்சலில் என்ன கேட்கும்? ஷேர் ஆட்டோக்காரன் ஹாரன், வெங்காயக்காரன் கூச்சல், பக்கத்துக் கடை டேப் ரெக்கார்டர். காதை வைத்துப் பார்த்தேன், எல்லாம் ஒன்று போலவே இருந்தது. பாய், "நான் சொன்னேன்ல" என்கிற மாதிரி பார்த்தார்.

செக்கிங்கில் சேர்ந்த முதல் வாரமே ஒன்று பழகிக்கொள்வோம். ஷூவுக்குள் கண் போகாது. கையை விட்டு, விரல் நுனியால் உள்ளே முழுக்கத் தடவிப் பார்க்க வேண்டும். ஆணி முனை, பசைக் கட்டி, தையல் முடிச்சு எல்லாம் விரலுக்குத்தான் அகப்படும். பெண் பார்க்க வந்தவர்களுக்குச் சொரசொரப்பாகப் பட்ட விரல்தான், ஆனால் அதற்குத் தெரியாதது எதுவும் இல்லை. மோட்டாரை ஓட விட்டு, மூன்று விரல் நுனியில் ஏந்திக் கண்ணை மூடிக்கொண்டேன். முதல் மோட்டார் விரலில் எறும்பு ஊர்கிற மாதிரி நடுங்கியது. இரண்டாவது அதைவிட மோசம். மூன்றாவது விட்டுவிட்டு உதறியது. நடுங்கினால்தானே சத்தம்? நடுங்காத ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

ஆறாவதைக் கீழே வைத்தபோது பாய்க்குப் பொறுமை போய்விட்டது. "இன்னாம்மா, ஓவரா பேஜார் பண்றீங்க. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பாக்கறவங்ககூட இவ்ளோ பாக்க மாட்டாங்க."

"அதுக்குத்தான் பாய் நான் மாப்பிள்ளையே பாக்கல. ஏழாவதை எடுங்க."

அவர் சிரித்துவிட்டார். அதற்கப்புறம் அவருக்கும் ஆர்வம் வந்துவிட்டது. தானும் விரலை வைத்துப் பார்த்து, "ஆமா, இது ஜாஸ்தி ஆடுது" என்று தள்ளி வைத்தார். ஒன்பதாவது மோட்டாரை ஏந்தியபோது, ஓடவில்லை என்று நினைத்து ஸ்விட்சைப் பார்த்தேன். போட்டிருந்தது. டியூப் முனையைக் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்தேன், காற்று வந்தது. "இதுதான்" என்றேன்.

வீட்டில் அதைத் தொங்கவிட்டு, காற்றைக் குறைக்க டியூபில் ஒரு சின்னத் திருகு மாட்டி, குழாயின் வாய் தண்ணீருக்குள்ளேயே முங்கியிருக்கும்படி வெட்டிவிட்டேன். குமிழிகள் கடுகு கடுகாக ஏறின. சிவப்பும் கறுப்பும் நிதானமாக நீந்தின. ஒரு வாரம் தினமும் பார்த்தேன். இரண்டும் நன்றாகத் தின்றன. மோட்டார் ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள நானே எழுந்துபோய்த் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

ஈஸ்டர் ஞாயிறு. சர்ச் முடிந்து வந்திருந்தோம், அடுப்பில் பிரியாணி தம்மில் இருந்தது. அண்ணனையும் அண்ணியையும் என் அறைக்குக் கூப்பிட்டேன். கதவைச் சாத்தினேன். மின்விசிறியையும் நிறுத்தினேன். ஏப்ரல் மாத மத்தியானம், மூன்று பேருக்கும் வியர்த்து ஊற்றியது. அண்ணி அந்தச் சுவரில் காதை வைத்துப் பார்த்தார். அப்புறம் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"ஓடுதா?" என்றார்.

"கொமிழி வருது பாருங்க அண்ணி."

அண்ணன் ரொம்ப நேரம் நின்று கேட்டான். "சத்தம் இல்லதான்" என்றான். அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை. பரீட்சையில் பெயிலான பையன் மாதிரி நின்றான்.

அண்ணிதான் வாயைத் திறந்தார். "சத்தம் இல்ல, சரி. அதுக்காக? பெரியவ எங்க ஒக்காந்து படிப்பா? கல்யாணம் காட்சி ஆவாதவளுக்குத் தனி ரூம் எதுக்கு?"

அந்த வார்த்தையை மறைக்க அந்த அறையில் துளிச் சத்தம் இல்லை. மூன்று பேருக்கும் முழுதாகக் கேட்டது. நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் மீனைப் பார்த்தான்.

"நீ இன்னாண்ணா சொல்ற?"

"அவ சொல்றதுலயும்... பெரியவ பத்தாவதுல்ல பாப்பா."

எனக்கு வலித்தது. அண்ணி சொன்னதைவிட இதுதான் வலித்தது. சின்ன வயதில் என்னைச் சைக்கிள் பாரில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு மிதித்தவன். வலித்த மறுநிமிஷமே கோபமும் வந்தது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

"சத்தம், சத்தம்னு சொல்லி இத்தனை நாள் என்னை வேலூருக்கும் ஆம்பூருக்கும் அலைய விட்ட. மூணு உயிரை என் கையால சாகடிச்சேன். ரூம் வேணும்னா ரூம் வேணும்னு மொதல் நாளே கேட்டிருக்கணும் அண்ணா. கேட்டிருந்தா மொதல் நாளே சொல்லியிருப்பேன், தரமாட்டேன்னு."

"இன்னா பேச்சு இது?"

"அப்பா யாருக்கும் எழுதி வெக்காமப் போன வீடு. உனக்குப் பாதி, எனக்குப் பாதி. நான் பாதி வீடு கேட்டேனா? ஒரு ரூம்ல இருக்கறேன். அதுகூட உன் கண்ணுக்கு ஜாஸ்தியா தெரியுதா? பெரியவ இங்க வந்து என் மேஜையில படிக்கட்டும், தாராளமா படிக்கட்டும். ஆனா ரூம் என்னுது. கல்யாணம் ஆனாலும் ஆவாட்டியும் என்னுது."

அண்ணன் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான். அண்ணியும் போனார். அன்றைக்கு யாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் ஆசாரியைக் கூட்டிவந்து என் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போடச் சொன்னேன். அந்தக் கதவுக்கு வெளிப்பக்கம் மட்டும்தான் கொண்டி இருந்தது. வீடு கட்டும்போது அப்பா உள்ளே போடவில்லை. பெண்பிள்ளை படுக்கிற அறைக்கு உள்தாழ்ப்பாள் எதற்கு என்று நினைத்திருப்பார். துணி மடிக்க, டிரங்குப் பெட்டி எடுக்க, சும்மா எட்டிப் பார்க்க என்று யார் வேண்டுமானாலும் எந்த நேரத்திலும் தள்ளிக்கொண்டு வருவார்கள். நான் புடவை மாற்றுவதே பாத்ரூமில்தான்.

அந்த வாரம் சனிக்கிழமை மத்தியானம். கம்பெனி லீவு. உள்ளே தாழ் போட்டுவிட்டுக் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். வெளியே செருப்புச் சத்தம் வந்தது. கதவு ஒரு தடவை ஆடியது. இன்னொரு தடவை தள்ளினார்கள்.

"பாப்பா? இன்னா, கதவு தொறக்கல?" அண்ணியின் குரல்.

"உள்ள தாழ் போட்டிருக்கேன் அண்ணி."

"பட்டப்பகல்ல எதுக்குத் தாழ்? தொற."

நான் எழுந்திருக்கவில்லை. "தட்டுங்க அண்ணி" என்றேன்.

அண்ணி தட்டவில்லை. போகவும் இல்லை. அறையில் வேறு எந்தச் சத்தமும் இல்லாததால், பலகைக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சு வாங்குவதுகூட எனக்குக் கேட்டது. காத்திருந்தேன். பிறகு தட்டினார், மெதுவாக, இரண்டு தடவை.

எழுந்து போய்த் திறந்தேன்.